மேல்கொல்லையும் கீழ்க்கழனியும்

திருவண்ணாமலை
6-8-1976

ஓடைப்பாடி வெள்ளையம்மாள் அவர்களுக்கு,

நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. மலையடிவாரத்தில் மேட்டு நிலமாக இருக்கும் உங்கள் கொல்லைக்கு நேர் கீழே, ஓடை திரும்பும் இடத்தில் உள்ள நெல் கழனி என்னுடையது. இரும்புக்கடை சர்தார் பாய் என்றால் உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் அவருடைய மனைவி அஜ்மத் பேகம். அவர் போன மாதம் இறந்துவிட்டார். எங்கள் வழக்கப்படி கணவனை இழந்தவள் சில மாதங்கள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. அதனால்தான் நேரில் வராமல் எழுதுகிறேன்.

விளைச்சலில் பங்கு பேசிக் கழனியை வாரத்துக்கு உழும் சடையன் நேற்று வந்திருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மேல வெள்ளையம்மா கொல்ல பூரா குறுக்கால கல்லை அடுக்கி வெச்சிட்டாங்கம்மா. ரெண்டு மழை பெஞ்சும் நம்ம வாய்க்கால்ல தண்ணி வரல. வருசா வருசம் வர்ற வண்டலும் வரல. இப்படியே போனா நடவு நட்டும் பிரயோஜனம் இல்ல."

அந்தக் கழனி என் கல்யாணத்தில் மஹராக, மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மணக்கொடையாக, எனக்கு எழுதிக் கொடுத்தது. இந்த உலகத்தில் என் பெயரில் இருப்பது அது ஒன்றுதான். அவர் உயிரோடு இருந்தவரை அது இருக்கிறது என்பதைக்கூட நான் நினைத்ததில்லை. இப்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மழைக்காலத்துக்கு முன்பு அந்தக் கற்களை எடுத்துவிடுங்கள். பகை வேண்டாம் என்றுதான் முதலில் உங்களுக்கே எழுதுகிறேன்.

அஜ்மத் பேகம்

ஓடைப்பாடி
15-8-1976

பாயம்மா அவர்களுக்கு வெள்ளையம்மாள் எழுதுவது.

பாய் இறந்த செய்தி கேட்டு நானும் என் வீட்டுக்காரரும் வருத்தப்பட்டோம். ஒருமுறை கடப்பாரை வாங்க உங்கள் கடைக்கு வந்தபோது, "கல்லுல வேலை செய்யறவங்களுக்கு இது ஆவாது, அத எடுத்துக்கங்க" என்று நல்லதாகப் பார்த்துக் கொடுத்தார். அந்தக் கடப்பாரையால்தான் இந்தக் கல்லெல்லாம் பெயர்த்தோம். இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். ஆனாலும் உண்மை அதுதான்.

நான் கீழ்பென்னாத்தூரில் எட்டாவது வரை படித்தவள். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஒன்று. ஓடையில் நான் ஒரு கல்லும் வைக்கவில்லை. என் கொல்லைக்குள்தான் வைத்தேன். எங்கள் நிலம் உங்கள் கழனி போலத் தட்டையாக இல்லை, கூரை மாதிரி சாய்ந்து கிடக்கிறது. மேலே வெறும் பாறை. அதற்குக் கீழே சரளைக் கல்லும் செம்மண்ணும். மழை பெய்தால் பாறையிலிருந்து தண்ணீர் ஓடிவந்து எங்கள் மண்ணைச் சுரண்டி எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கும். ஓடை அதைக் கொண்டுபோய் உங்கள் கழனியில் விடும். நீங்கள் வண்டல் என்று சொல்கிறீர்களே, அது எங்கிருந்து வருகிறது என்று என்றைக்காவது யோசித்தீர்களா?

நான் வாழ வந்தபோது இந்தக் கொல்லையில் ஏர் முழுசாக இறங்கும். இப்போது பாதி இடத்தில் கலப்பை 'டங்'கென்று பாறையில் இடிக்கிறது. மல்லாட்டை போட்டால் வேர்க்கடலை பிடிக்க மண் வேண்டாமா? மண் போன இடத்தில் சாமை போட்டோம். சாமையும் வராத இடத்தில் கொள்ளு போட்டோம். கொள்ளும் வராத இடம் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகிக்கொண்டே வருகிறது. அதனால் கோடையில் நானும் அவரும் சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகக் கல்கட்டு போட்டோம். மண் நிற்கட்டும் என்று.

உங்கள் கழனிக்குக் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. ஆனால் கல்லை எடுக்க மாட்டோம்.

வெள்ளையம்மாள்

திருவண்ணாமலை
4-9-1976

வெள்ளையம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நான்கு முறை படித்தேன். நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உண்மையால் நாற்று நனைவதில்லை.

கழனியில் நடவு முடிந்துவிட்டது. பயிர் மஞ்சளாக நிற்கிறது என்று சடையன் சொல்கிறார். கிணற்றிலும் தண்ணீர் இறங்கிவிட்டதாம். எத்தனையோ வருடங்களாக வந்துகொண்டிருந்த தண்ணீர் நீங்கள் கல் வைத்த வருடத்தில் நின்றால், நான் யாரைக் கேட்பது?

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். கடையை இப்போது என் கொழுந்தன் சாந்த் பாஷா பார்க்கிறார். கெட்டவர் இல்லை. எனக்குச் சாப்பாட்டுக்குக் குறை வைத்ததில்லை. ஆனால் தினமும் ஒரே பேச்சு. "பொம்பளைக்கு எதுக்கு பாபி இந்த பேஜாரு? வித்துட்டு கடையில போடலாம். நான் பாத்துக்கறேன்." இந்த வருடம் கழனி விளையவில்லை என்றால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு என்னால் மறுத்துப் பேச முடியாது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து அவர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு மீதிக் காலத்தைக் கழிக்க வேண்டியதுதான்.

உங்கள் மண் உங்களுக்கு எப்படியோ, அப்படித்தான் என் கழனி எனக்கு. எல்லாக் கல்லையும் எடுக்க வேண்டாம். தண்ணீர் வர வழியாவது விடுங்கள்.

அஜ்மத் பேகம்

ஓடைப்பாடி
21-9-1976

பாயம்மாவுக்கு,

வழி விட்டால் தண்ணீர் மட்டும் போகாது, மண்ணும் கூடவே போகும். பாதி உடைத்த கல்கட்டும் இல்லாத கல்கட்டும் ஒன்றுதான். இதை நின்று பார்த்தால்தான் புரியும். நீங்கள் வெளியே வர முடிகிற நாளில் ஒருமுறை வந்து பாருங்கள். பார்த்துவிட்டு என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். பார்க்காமல் சொன்னால் கேட்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் முருகையன் பேசாத மனிதர். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அவங்களுக்கும் வயிறு இருக்குது. நமக்கும் இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

வெள்ளையம்மாள்

ஓடைப்பாடி
5-11-1976

அஜ்மத் பேகத்துக்கு,

நீங்கள் வந்து பார்ப்பீர்கள் என்று இருந்தேன். ஆள் அனுப்புவீர்கள் என்று நினைக்கவில்லை.

போன வாரம் நாங்கள் கீழ்பென்னாத்தூர் சந்தைக்குப் போயிருந்தபோது சடையனும் இன்னும் சிலரும் வந்து கல்கட்டை நடுவில் நேராக, மேலிருந்து கீழ்வரை உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தபோது ஏதோ மிருகத்தின் வயிற்றைக் கிழித்த மாதிரி இருந்தது. மறுபடி அடுக்க நேரமில்லை. அடுத்த நாளே மழை பிடித்துக்கொண்டது.

நாங்கள் குடிசை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே பாறையிலிருந்து இறங்கிய தண்ணீர், பரவ இடமில்லாமல் அந்த ஒரே உடைப்பில் பாய்ந்தது. முதலில் உடைத்த கற்கள் உருண்டன. பிறகு இரண்டு பக்கமும் உடைக்காத கல்கட்டும் சரிந்தது. பிறகு மண். மல்லாட்டை பிடுங்கும் பக்குவத்தில் இருந்தது. செடியும் காயுமாக, மண்ணோடு மண்ணாகப் போனது. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் பின்னாலேயே ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து இழுத்து வந்தேன். "விடுடி, விடுடி" என்று கத்தினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

இப்போது கொல்லையின் நடுவில் ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் அடியில் பாறை தெரிகிறது.

அவர் மலையில் கல் உடைக்கிற வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

உங்களுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்திருக்கும்.

வெள்ளையம்மாள்

திருவண்ணாமலை
12-11-1976

வெள்ளையம்மாள் அவர்களுக்கு,

உடைக்கச் சொன்னது நான்தான். சாந்த் பாஷாவோ சடையனோ இல்லை. பயிர் காய்கிறது என்று சடையன் மறுபடி வந்து நின்றபோது, "வழி பண்ணிக்கொள்ளுங்கள்" என்று என் வாயால்தான் சொன்னேன். அதை வேறு யார் மேலும் போட மாட்டேன்.

வெளியே வரக்கூடாத என் காலம் முடிந்து முதன்முதலாக வீட்டை விட்டு வெளியே வந்தது உங்கள் ஊருக்குத்தான். வண்டியிலிருந்து இறங்கியதும் கழனி எது என்று எனக்குத் தெரியவில்லை. "இதுதாம்மா" என்று சடையன் காட்டினார். பாதிக் கழனிக்கு மேல் நெல்லே இல்லை. கல்லும் சரளையும் மணலும் ஒரு திட்டாக ஏறிக் கிடந்தது. நட்ட பயிரின் நுனி அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தது. சடையன் தலையில் கையை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "வண்டல் வரும்னு நெனச்சேனம்மா" என்றார்.

மேலே நிமிர்ந்து பார்த்தேன். உங்கள் கொல்லையில் நீங்கள் நிற்பது தெரிந்தது. நான் நின்றேன். நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். போனது சரிதான்.

அஜ்மத் பேகம்

திருவண்ணாமலை
18-2-1977

வெள்ளையம்மாள் அவர்களுக்கு,

பதில் வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் மன்னிப்புக்காக இல்லை. ஒரு வேலைக்காக.

கழனியில் ஏறிய கல்லை என்ன செய்வது என்று பார்க்க, போன மாதம் முழுக்க அங்கேயே போய்வந்துகொண்டிருந்தேன். சாந்த் பாஷாவுக்குப் பிடிக்கவில்லை. "சர்தார் பாய் வீட்டம்மா சேத்துல நிக்கறாங்கன்னு கடைத்தெருவுல சிரிக்கறாங்க" என்றார். சிரிக்கட்டும்.

கழனி நடுவில் ஒரு குழி வெட்டச் சொன்னேன். எவ்வளவு ஆழத்துக்குச் சரளை என்று பார்ப்பதற்காக. அடுக்கடுக்காகத் தெரிந்தது. மேலே இந்த வருடத்துச் சரளை. அதற்குக் கீழே கொஞ்சம் கொரகொரப்பான செம்மண். அதற்குக் கீழே மாவு போன்ற செம்மண். எல்லாவற்றுக்கும் அடியில் இந்த இடத்தின் சொந்தக் கரிய களிமண். குழிக்குள் இறங்கி அந்த மாவு மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உங்கள் முதல் கடிதம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த நல்ல மண்ணெல்லாம் உங்கள் மலைச்சரிவிலிருந்து எப்போதோ இறங்கி வந்துவிட்டது. மேலே இனி அனுப்புவதற்கு நல்ல மண் இல்லை. இனி ஓடை எதைக் கொண்டுவந்தாலும் அது கல்லாகத்தான் இருக்கும். நான் வழி திறக்கச் சொன்னது தீர்ந்துபோன ஒன்றுக்காக.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். உங்கள் கல்கட்டிலும் ஒரு குறை இருந்தது. எங்கள் வீட்டு மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் உண்டு. ஒரு மூலையில் தண்ணீர் வெளியேறக் குழாய் இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் அதில் இலை அடைத்துக்கொண்டது. மாடி முழுக்கத் தண்ணீர் நின்று சுவரே ஊறிப் பெயர்ந்தது. நீங்கள் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை வழியே இல்லாமல் அடைத்திருந்தீர்கள். அதனால்தான் சின்ன மழைகளில் எனக்குச் சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. அதனால்தான் ஒரு இடம் உடைந்ததும் மொத்தமும் போனது. ஒவ்வொரு கட்டின் ஓரத்திலும், பாறை இருக்கிற பக்கமாக, தாழ்வாக ஒரு வழி விட்டால் தெளிந்த தண்ணீர் மட்டும் வழிந்து வரும் என்று தோன்றுகிறது. நான் சொல்வது தப்பா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் நிலம் உங்களுக்குத்தான் தெரியும்.

என் கழனியில் கிடக்கும் கல் உங்களுடையது. அதை வண்டியில் ஏற்றி மேலே கொண்டுவரச் சடையன் சம்மதித்துவிட்டார். நீங்கள் சரி என்றால் திங்கட்கிழமை முதல் ஏற்றலாம்.

அஜ்மத் பேகம்

ஓடைப்பாடி
9-3-1977

பாயம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து அரிசிப் பானை மேல் கிடந்தது. பிரிக்கவில்லை. அவர்தான் எடுத்து, "என்னதான் எழுதியிருக்குது, படி" என்றார்.

படித்தேன். நீங்கள் சொன்ன அந்த மொட்டை மாடிக் குழாய் விஷயம் வந்ததும் அவர் நிறுத்தச் சொன்னார். எழுந்து கொல்லைக்குப் போனார். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினார். நான் மேலே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இத நானே யோசிச்சிருக்கணும். தண்ணிய மடக்கறதுலயே குறியா இருந்துட்டேன்" என்றார். பிறகு என்னிடம் கேட்டார். "ஒடச்சவங்க கிட்டயே கல்லு வாங்கலாமா?"

நான் சொன்னேன், "அது நம்ம கல்லுதானே."

உண்மையைச் சொல்கிறேன் பாயம்மா. என் கோபம் போகவில்லை. ராத்திரி கண்ணை மூடினால் அந்த மல்லாட்டைச் செடிகள் வேரோடு மிதந்து போவது தெரிகிறது. உங்கள் மேல் இருக்கும் கோபத்தை வைத்துக்கொண்டே உங்கள் வண்டியை வரச் சொல்கிறேன். வண்டி ஏறுவதற்கு ஓடையின் வடக்குக் கரைதான் நல்லது. தெற்கே ஈரம் இருக்கும், சக்கரம் புதையும்.

நீங்கள் வந்தால் நான் உள்ளே போக மாட்டேன்.

வெள்ளையம்மாள்

ஓடைப்பாடி
2-12-1979

பாயம்மா,

தீபக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது, அதனால் எழுதுகிறேன். நீங்களும் இந்த வாரம் வர வேண்டாம்.

மறுபடி போட்ட கல்கட்டு நிலைத்து நின்றுவிட்டது. இந்த மழையில் ஒரு கல்லும் நகரவில்லை. ஓரத்து வழியில் தண்ணீர் தெளிவாக வழிந்து ஓடையில் இறங்கியது. பெரிய பள்ளம் இன்னும் மூடவில்லை, ஆனால் அடியில் பாறை தெரியவில்லை. மேல் வரிசைகளில் மண் கை அளவு சேர்ந்திருக்கிறது. அதில் இந்த வருடம் துவரை போட்டோம். கீழ் வரிசைகளில் மல்லாட்டை சுமாராக வந்தது. நன்றாக வந்தது என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் கழனியில் சரளை எடுத்தும் சரியாகாத அந்த மேற்குத் துண்டில் நெல்லுக்குப் பதிலாக மல்லாட்டை போடச் சொன்னேனே, அதைச் சடையன் கடைசியில் போட்டார். எங்களைவிட உங்களுக்கு நன்றாகக் காய்த்திருக்கிறது. அவர் ஊர் முழுக்கத் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நானும் விட்டுவிட்டேன்.

இதை எழுதத்தான் கடிதமே எடுத்தேன். நேற்று உங்கள் கொழுந்தன் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்து கழனியைக் காட்டினார். வந்தவர் மண்ணைப் பார்க்கவில்லை. ரோடு எவ்வளவு தூரம் என்றுதான் கேட்டார். என்னிடம் உங்கள் கொழுந்தன், "ஏம்மா, கீழ வெளைச்சல் கம்மிதானே?" என்றார். அவர் என்ன பதில் எதிர்பார்த்தார் என்று தெரிந்தது.

"போன தடவைக்கு இப்ப ஜாஸ்திங்க" என்றேன்.

என்னை முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். உங்கள் வீட்டு விஷயத்தில் தலையிட்டுவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

வெள்ளையம்மாள்

திருவண்ணாமலை
10-12-1979

வெள்ளையம்மா,

தலையிட்டது நல்லதாகப் போயிற்று. கொழுந்தன் வீட்டுக்கு வந்து, "மேல இருக்கறவ சரியான வாயாடி" என்றார். "என்ன சொன்னாள்?" என்று கேட்டேன். சொன்னார். அவர் வாயாலேயே விளைச்சல் கூடியிருக்கிறது என்று சொல்ல வைத்தீர்கள். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விற்கும் பேச்சு இந்த வருடத்துக்கு நின்றது.

உங்கள் கோபம் இப்போது எந்த அளவில் இருக்கிறது என்று கேட்க நினைத்து, கேட்காமல் விடுகிறேன்.

அஜ்மத்

ஓடைப்பாடி
17-5-1983

அக்கா,

ஊரில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போன ஐப்பசியும் பொய்த்துவிட்டது. இந்தக் கோடையில் ஏரி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கிறது. தெருக் கிணற்றில் சேறுதான் வருகிறது.

உங்கள் கழனிக் கிணற்றில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. நிறைய இல்லை. இறைத்தால் அடி தெரியும், காலையில் மறுபடி ஊறியிருக்கும். கல்கட்டில் நின்ற தண்ணீர் உள்ளுக்குள்ளேயே இறங்கி வருகிறது என்கிறார் அவர். உங்கள் கிணறு கொஞ்சம் ஆழம், அதனால்தான் என்கிறார் சடையன். எனக்குத் தெரியாது. இரண்டும் இருக்கலாம்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. குடிப்பதற்கும், மேல் வரிசையில் வைத்த மாங்கன்றுகளுக்குக் குடம் குடமாக ஊற்றுவதற்கும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா? இந்தக் கோடையைத் தாண்டினால் அவை பிழைத்துவிடும். தெருக்காரர்களும் கேட்கிறார்கள். கிணறு உங்களுடையது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளையம்மாள்

திருவண்ணாமலை
20-5-1983

வெள்ளையம்மா,

உன் கடிதத்தைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. உன் கொல்லையில் இறங்கிய தண்ணீரை என் கிணற்றில் எடுக்க என்னைக் கேட்கிறாயா? சடையன் சொல்வது சரியாகவே இருந்தாலும் கேட்கக் கூடாது. இந்தக் கடிதம் போய்ச் சேரும்வரை கன்றுகள் காயுமே, அதை யோசித்தாயா?

தெரு முழுக்க எடுக்கட்டும். பயிர் இந்த முறை வைக்க வேண்டாம் என்று சடையனிடம் சொல்லியிருக்கிறேன். கிணற்றடியில் யாராவது யாரையாவது தடுத்தால் எனக்கு எழுது. நான் வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

உன்னை 'நீ' என்று எழுதிவிட்டேன். இப்போதுதான் கவனித்தேன். அடித்துத் திருத்தாமல் விடுகிறேன்.

அஜ்மத்

திருவண்ணாமலை
11-1-1985

வெள்ளையம்மா,

நன்றாக யோசித்து எடுத்த முடிவு இது. அதனால் மறுப்புச் சொல்லாதே. நான் கழனிக்கே வந்துவிடப் போகிறேன்.

சாந்த் பாஷாவின் மகனுக்குக் கல்யாணம். என் அறை அவர்களுக்கு வேண்டும். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஆனால் புதுக் கட்டில் எங்கே போடுவது என்று பேசும்போது எல்லோரும் என் கதவையே பார்த்தார்கள். ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு ஓர் அறை பார்க்கலாம் என்று சாந்த் பாஷா சொன்னார். அங்கே போனால் வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் நான் ஒரு ஊமை.

"நான் ஓடைப்பாடிக்குப் போறேன்" என்றேன். "அங்க யார் இருக்காங்க பாபி, உங்களுக்கு?" என்று கேட்டார். யார் இருக்கிறார்கள் என்று சொன்னால் அவருக்குப் புரியாது.

கழனியின் கிழக்கு மூலையில், கிணற்றுக்குப் பக்கத்தில், இரண்டு அறை ஒரு சமையல்கட்டு. அவ்வளவு போதும். கொத்தனார் அப்பாதுரையிடம் பேசியாகிவிட்டது. அடுத்த மாதம் கடைக்கால் தோண்ட வருவார். முருகையனிடம் சொல்லி அந்த மூலையில் களை எடுத்து வைக்கச் சொல்.

அஜ்மத்

ஓடைப்பாடி
16-1-1985

அக்கா,

மறுப்புச் சொல்லாதே என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மறுப்பு உண்டு.

நீங்கள் வருவதற்கு இல்லை. அதைப் படித்துவிட்டு நான் எழுந்து போய் மாட்டுக் கொட்டகையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அவர், "என்ன, யாருக்கு என்ன?" என்று பதறிக்கொண்டு வந்தார். ஒன்றுமில்லை என்றேன்.

நீங்கள் சொன்ன இடத்துக்குத்தான் மறுப்பு. கழனி மண்ணில் வீடு நிற்காது. அந்தக் கரிய களிமண் மழையில் ஊறி உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். கீழ்த் தெருவில் பரசுராமன் வீட்டைப் பாருங்கள். கட்டி முடித்த வருடமே சுவரில் கை நுழைகிற அளவு வெடிப்பு. இரும்புக்கடைக்காரர் வீட்டம்மா எத்தனை கம்பி போட்டாலும் அந்த மண் தாங்காது. நெல்லுக்கு நல்ல மண் வீட்டுக்கு எதிரி.

எங்கள் கொல்லையின் கீழ் ஓரத்தில், ஓடைக்கு வடக்கே, தட்டையாக ஒரு பாறைத் திட்டு இருக்கிறதே, நாம் மல்லாட்டை காயப் போடுகிற இடம். நான் வாழ வந்த நாளிலிருந்து அதில் ஒரு செடி முளைத்து நான் பார்த்ததில்லை. மண்ணே இல்லாத இடம். 'இதுவும் ஒரு நிலமா' என்று மாமனார் திட்டிக்கொண்டே இருப்பார். அதில் கடைக்கால்கூடத் தோண்ட வேண்டாம், பாறை மேலேயே சுவர் எழுப்பலாம். வெள்ளம் ஏறாது. வெடிக்காது. எத்தனை மழை வந்தாலும் நகராது.

அந்த இடத்தை உங்களுக்கு எழுதித் தருகிறோம். பதிலுக்கு எதுவும் பேசக் கூடாது என்று அவர் சொல்லச் சொன்னார். "அங்க பயிர்தான் வராது. மனுசங்க இருக்கலாமே" என்றார். அவர் ஒரே நாளில் இவ்வளவு பேசியதே அதிசயம்.

முன்பு ஒருமுறை என் கோபம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்க நினைத்ததாக எழுதியிருந்தீர்கள். நானும் தேடிப் பார்த்தேன். எந்த வருடத்தில் போனது என்று எனக்கே தெரியவில்லை.

அப்பாதுரை நேற்றே வந்து பாறையைத் தட்டிப் பார்த்துவிட்டார். எல்லாம் சரி, வாசல் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்கிறார். மலையைப் பார்த்தா, கழனியைப் பார்த்தா? உடனே ஒரு கார்டு போடுங்கள்.

வெள்ளையம்மாள்

திருவண்ணாமலை
19-1-1985

வெள்ளையம்மா,

மலையைப் பார்த்தே இருக்கட்டும். மேலே மழை இறங்கினால் எனக்கு முதலில் தெரிய வேண்டும். கட்டு ஓரத்து வழிகளில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்க்க இனி இரண்டு பேர் இருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மதிய பஸ்ஸில் வருகிறேன். சோறு வடித்து வை.

அஜ்மத்